கடிதத்தை ஆதாரமாகப் பதியும்போது செய்யக்கூடாத தவறுகள்

குடும்ப வரலாற்று மென்பொருளில் ஒரு பிறந்த தேதியைப் போட்டுவிட்டு, ஆதாரம் என்ற இடத்தில் 'கடிதம்' என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சில வருடம் கழித்து அதைத் திறப்பவருக்கு, அது நீங்களாகவே இருந்தாலும், அதிலிருந்து எதுவும் கிடைக்காது. எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எந்தத் தேதி, எந்த ஊரிலிருந்து, அசல் இப்போது யாரிடம் இருக்கிறது, இவ்வளவும் வேண்டும். தேதி போடாத கடிதமா? அஞ்சல் முத்திரையைப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் 'சுமார்' என்று போட்டு, எதை வைத்து அப்படிக் கணித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்தது, வந்த கடிதம் எல்லாவற்றையும் ஒரே மூலத்துக்குள் திணிப்பது. கிராம்ப்ஸ் என்ற குடும்ப வரலாற்று மென்பொருளில் களஞ்சியம் (ஆதாரம் இருக்கும் இடம்), மூலம் (ஆதாரம்), மேற்கோள் (அந்த ஆதாரத்தில் தகவல் உள்ள இடம்) என்று மூன்று அடுக்கு இருக்கிறது. ஒருவர் எழுதிய கடிதங்களை ஒரு மூலமாக வைத்து, எந்தக் கடிதம், எந்தப் பக்கம் என்பதை மேற்கோளில் சொன்னால் போதும். நிறைய விஷயம் உள்ள கடிதம் என்றால் அதையே தனி மூலமாக்கலாம்.

ஆனால் உண்மையிலேயே ஆபத்தானது, கடிதம் முழுவதற்கும் ஒரே நம்பகத்தன்மை கொடுப்பது. ஒரு அத்தை தன் மகன் பிறந்த நாளை எழுதுகிறார், அதே கடிதத்தில் தன் பாட்டி பிறந்த வருடத்தையும் எழுதுகிறார் என்று வையுங்கள். முதலாவது அவர் நேரில் அறிந்தது, இரண்டாவது யாரோ சொல்லிக் கேட்டது. குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக உதவும் ஜெட்காம் (GEDCOM) கோப்பில் இதற்கென்றே 0 முதல் 3 வரை மதிப்பு உண்டு, 3 என்றால் நேரடியான முதன்மைச் சான்று. அது மேற்கோளோடு சேர்ந்தது, அதனால் ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனியாகவே போடுங்கள். அப்புறம், நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் தயவுசெய்து சேர்த்து வையுங்கள். "தாத்தா 1912-லதானே பிறந்தார்?" என்று நீங்கள் அத்தையிடம் கேட்டு, அவர் "ஆமாம்" என்று எழுதியிருந்தால், அந்த வருடம் உங்களிடமிருந்து போனது, அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். கேள்வி கையில் இல்லாவிட்டால் இது பின்னால் யாருக்கும் தெரியவே தெரியாது. இதேபோல மூன்று உறவினர்கள் ஒரே கதையை எழுதினால் அதை மூன்று சான்று என்று எண்ணாதீர்கள், அவர்கள் மூவருக்கும் அதைச் சொன்னவர் ஒருவராகவே இருக்கலாம்.

படியெடுக்கும்போது 'பெரியப்பா' என்று இருப்பதை நீக்கிவிட்டுப் பெயரைப் போடுவதும் வேண்டாம். கடிதத்தில் இருப்பது அப்படியே இருக்கட்டும், அவர் இன்னார் என்பது உங்கள் ஊகம், அதன் இடம் குறிப்பில்.

இமெயில் என்றால் அனுப்பியவர், தேதி, தலைப்பு எல்லாம் தெரிய முழுதாகச் சேமியுங்கள், பெட்டியிலேயே கிடக்கட்டும் என்று விட்டால் கணக்கு மூடும்போது அதுவும் போய்விடும். ஸ்கேன் படங்களிலும் கவனம் தேவை: ஜெட்காம் 5.5.1 கோப்பில் படம் இருக்கும் இடம்தான் பதிவாகும், படம் கூடவே வராது. 2021-இல் வந்த ஜெட்காம் 7.0-இல், படங்களையும் உள்ளே வைத்துச் சுருக்கும் ஜெட்ஜிப் (GEDZIP) கோப்பாகச் சேர்த்தே அனுப்ப வழி இருக்கிறது, உங்கள் மென்பொருள் அதை ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உயிரோடு இருப்பவர்களின் முகவரி, போன் நம்பர், உடல்நிலை இதெல்லாம் உள்ள கடிதத்தை அப்படியே மரத்தோடு வெளியிடாதீர்கள். கடிதத் தாள் உங்களுடையதாக இருந்தாலும் அதன் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருடையது, அதனால் கேட்டுவிட்டுப் போடுங்கள், அவர் சரி என்று அனுப்பிய பதிலையும் தேதியோடு அதே மூலத்தின் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.