மின்தடை, மின்திறன் கணக்கு: எந்த வோல்ட், எந்த ஆம்பியர்?

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். இந்தச் சூத்திரங்களில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. அவற்றில் இடும் எண்களில்தான் கோளாறு. எந்தப் பொருளின் மின்தடை வேண்டுமோ, அதன் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தமும், அதே நேரத்தில் அதன் வழியே பாயும் மின்னோட்டமும் வேண்டும். இதை மறந்துவிட்டுப் போடும் கணக்கில் விடை பார்வைக்குச் சரியாகவே தெரியும் என்பதுதான் ஆபத்து.

9 வோல்ட் பேட்டரியில் ஓர் எல்.இ.டி. விளக்கு, அதற்குத் தொடராக ஒரு மின்தடையம். விளக்குக்கு 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் தேவை. பலர் 9-ஐ 0.02-ஆல் வகுத்து 450 ஓம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 2 வோல்ட்டை விளக்கு எடுத்துக்கொள்கிறது. மின்தடையத்துக்கு எஞ்சுவது 7 வோல்ட்தான். 7 ÷ 0.02 = 350 ஓம். அதில் வெப்பமாகும் திறன் 7 × 0.02 = 0.14 வாட், கால் வாட் மின்தடையம் தாங்கும். 9 × 0.02 = 0.18 வாட் என்பது பேட்டரி தரும் மொத்தத் திறன். அதை மின்தடையத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

இதே கணக்கில் 7-ஐ 20-ஆல் வகுத்து 0.35 ஓம் என்பவர்களும் உண்டு. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது கிலோ ஓம். ஒவ்வொரு எண்ணோடும் அலகையும் எழுதும் பழக்கம் இருந்தால் இந்த ஆயிரம் மடங்குப் பிழை வரவே வராது.

குண்டு பல்பு இன்னும் நல்ல பாடம். 230 வோல்ட், 100 வாட் பல்பு எரியும்போது அதில் சுமார் 0.43 ஆம்பியர் பாய்கிறது. மின்தடை 529 ஓம். அதே பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டரில் அளந்தால் 40 ஓமுக்கு அருகில் காட்டும். மீட்டர் பழுதில்லை. டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் உயர்கிறது. ஆறிய நிலையின் 40 ஓமை வைத்துத் திறனைக் கணக்கிட்டால் 1,300 வாட்டுக்கு மேல் வரும்! அது சுவிட்சைப் போடும் கணத்துக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும். பழைய பல்புகள் பெரும்பாலும் அந்தக் கணத்தில் உயிரை விடுவதற்கும் இதுவே காரணம்.

மின்னழுத்தம் பாதியானால் திறனும் பாதியாகும் என்று நினைப்பது அடுத்த தவறு. 10 ஓம் மின்தடையத்தில் 10 வோல்ட்டுக்கு 10 வாட். 5 வோல்ட்டுக்கு 2.5 வாட். மின்னோட்டமும் கூடவே பாதியாகிவிடுகிறதல்லவா? பல்பில் இந்தக் கால் பங்குக் கணக்கும் துல்லியமாகப் பொருந்தாது; இழையின் சூடு குறைய, மின்தடையும் இறங்கிவிடும்.

மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டார் 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுத்தால், 460 என்பது வோல்ட்-ஆம்பியர், வாட் அல்ல. திறன் காரணி (வோல்ட்-ஆம்பியரில் உண்மைத் திறனாகும் பங்கு) 0.7 எனில் உண்மைத் திறன் 322 வாட். 230-ஐ 2-ஆல் வகுத்து வரும் 115 ஓமும் மோட்டார்ச் சுருளின் மின்தடை ஆகாது.

அளப்பதில் செய்யும் தவறோ கையைச் சுட்டுவிடும். மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து மின்மூலத்தின் இரு முனைகளிலும் தொடாதீர்கள். அந்த நிலையில் மீட்டரின் உள்தடை மிகக் குறைவு என்பதால் அது குறுக்குச் சுற்றாகிவிடும். ஓம் அளக்கும் முன் மின் இணைப்பைத் துண்டித்து, பொருளின் ஒரு முனையையாவது சுற்றிலிருந்து கழற்றிவிடுங்கள்.