நத்தாருக்கும் பொங்கலுக்கும் வீடு சோடிக்கிற ஆக்களே, மழைக்குள்ள இதச் செய்யாதீங்க

போன கிழம மட்டக்களப்பு நாவற்குடாப் பக்கம் ஒரு வீட்டுக்கு லைட் கட்டப் போனன், போனா விறாந்தையில ரெண்டு தம்பிமார் ஏணிய வச்சிக்கிட்டு சுவருக்கு றோலர் உருட்டுறானுகள், வெளிய மழை தூறிக்கிட்டே கிடக்கு, சுவரத் தொட்டுப் பார்த்தா சில்லெண்டு இருக்கு. "தம்பி, இது ஈரம்டா" எண்டன். "பேன் போட்டு விட்டிருக்கம் அண்ணன், விடிய காஞ்சிரும்" எண்டான் ஒருத்தன். சிரிப்பும் வந்திச்சி, வயிறும் எரிஞ்சிச்சி. ஏனெண்டா 15 வருசத்துக்கு முதல் இதே மாதிரி பேன் போட்டு சுவர் காய வச்ச மடையன் நான்தான்.

நான் பெயின்ட் பாஸ். நத்தார் கிட்டினா லைட்டும் கட்டுவன், பாலன் குடிலும் போடுவன், தைப் பொங்கலுக்கு தோரணம் கட்டவும் கூப்பிடுவாங்க. இப்ப கொஞ்சக் காலமா சோடினை வேலைக்கு புதுசா நிறையப் பொடியனுகள் இறங்கியிருக்கானுகள், நல்ல விசயம், கையில திறமையும் இருக்கு, ஆனா நாங்க விழுந்த அதே குழிக்குள்ளதான் வரிசையா வந்து விழுறானுகள். மெழுகுதிரிய திரைச்சீலைக்குக் கிட்ட வைக்காதீங்க, ஏணிய ஒருத்தர் புடிச்சிக்கொள்ளுங்க எண்டெல்லாம் நான் இங்க சொல்லப் போறதில்ல. அது சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

முதல்ல ஒண்டு விளங்கிக்கொள்ளணும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நம்மட கொண்டாட்டமெல்லாம் மழைக்குள்ளதான் வாறது. தீபாவளிக்கு மழை தொடங்கும், நத்தாருக்கு உச்சத்துல நிக்கும், பொங்கலுக்கு வயலெல்லாம் வெள்ளமா கிடக்கும். கொழும்புப் பக்கம் டிசம்பர் கடைசியில வெயில் வந்திரும், அங்க எடுத்த வீடியோவப் பார்த்துட்டு இங்க வேலை செஞ்சா சரிவராது. குளிர் நாட்டு வீடியோவ விடுங்க, அங்க வெளிய பனி கொட்டினாலும் வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டு காத்து காஞ்சி போய் இருக்கும். நமக்கு வாடைக்காத்து அடிக்கக்குள்ளயும் உள்ளுக்குப் புழுக்கம், உடுப்பு மூணு நாளா கொடியில கிடந்தும் காயாது. உடுப்பே காயாத காத்துல சுவர் எப்பிடிக் காயும்?

ஈரச் சுவருக்கு பெயின்ட் அடிக்கிறது

இதப் பத்தித்தான் நிறையச் சொல்லோணும், இப்பயும் நினைச்சா கோவம் வருது.

2010 டிசம்பர். கல்லடிப் பக்கம் வாவி ஓரமா ஒரு வீடு, அந்த அக்காட மகன் சுவிஸ்ல இருந்து 20ஆம் திகதி வாறான், ஏழு வருசத்துக்குப் பிறகு. வீடு முழுக்க பெயின்ட் அடிக்கணும், ஹோல்ல ஒரு பக்கச் சுவர் மேசன் பாஸ் புதுசா பூசி ஒரு கிழமதான். "நத்தாருக்கு முதல் முடிஞ்சிருமா தம்பி?" எண்டு கேட்டா. அது எனக்கு முதலாவது பெரிய கொந்தராத்து. சுவர ஒருக்காக் கூட தொட்டுப் பார்க்காம "முடிச்சித் தாறன் அக்கா" எண்டன்.

மறுகா தொட்டுப் பார்த்தா ஈரம். சரி காய வைப்பம் எண்டு மூணு பேன் வாடகைக்கு எடுத்தன், போக்கஸ் லைட் ரெண்டு வச்சன், ஒரு அறையில தகரத்துல தும்பும் சிரட்டையும் போட்டு நெருப்பு மூட்டினன், புகை போய் சீலிங் கறுத்து அது வேற தனி வேலை. ஹாட்வெயார்ல கேட்டா "இது வெதர் ப்ரூப் பெயின்ட் தம்பி, மழைக்கு ஒண்டும் ஆகாது" எண்டாங்க. நானும் நம்பி அடிச்சன், மாம்பழ மஞ்சள், ரெண்டு கோட். சும்மா சொல்லப்படாது, 24ஆம் திகதி ராவு அந்த வீடு லைட் வெளிச்சத்துல தங்கம் மாதிரி இருந்திச்சி, நடுச்சாமப் பூசை முடிஞ்சி வந்த ஆக்கள் எல்லாம் படலையடியில நிண்டு பார்த்துட்டுப் போனாங்க, எனக்கு நெஞ்சு இவ்வளவு அகலம்.

அதுக்குப் பிறகு 2011 ஜனவரி வெள்ளம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளம் வடிஞ்சி போய்ப் பார்த்தா சுவர் முழுக்க பலாக்கொட்டை அளவுல கொப்புளம். ஆணியால ஒண்டக் குத்தினன், தண்ணி வடிஞ்சிச்சி. கீழ மூணு அடிக்கு உப்புப் பூத்து மா கொட்டின மாதிரி வெள்ளை, விரலால தட்டினா பெயின்ட் பூச்சோட சேர்ந்து உதிருது. வெள்ளத்துல பழியப் போட்டுத் தப்பலாம் எண்டு ஒரு நிமிசம் யோசிச்சன், பொய் சொல்லப்படாது, ஆனா அந்த வீடு உயரம், வெள்ளம் ரெண்டாவது படியோட திரும்பிப் போயிருந்திச்சி. அக்கா ஒரு வார்த்தை ஏசல்ல. தேத்தண்ணி தந்துட்டு "மஞ்சள் நல்ல கலர்தான் என்ன தம்பி" எண்டு மட்டும் சொன்னா. ஏசியிருந்தா நல்லம் எண்டு இருந்திச்சி.

ஆகஸ்ட் மாசம் போய் முழுக்கச் சுரண்டி, கழுவி, காய விட்டு, பில்லர் ஒரு கோட் பெயின்ட் ரெண்டு கோட் என்ட காசுல அடிச்சிக் குடுத்தன். 40 லீட்டர் பெயின்ட். முதல் கொந்தராத்துல எடுத்த கூலி முழுக்க அதுலயே போயிட்டு, மேலால கடனும் வந்திச்சி.

ஏன் அப்பிடி ஆகுது எண்டு அப்ப எனக்குத் தெரியாது, ஆருமே சொல்லித் தரல்ல. செங்கல்லும் சீமெந்துப் பூச்சும் தண்ணிய உறிஞ்சும், மழை அடிக்கிற பக்கத்தால குடிக்கும், நிலத்துல இருந்தும் மேல இழுக்கும். பெயின்ட் காஞ்சா பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒரு படை. உள்ளுக்கு நிக்கிற தண்ணி வெயில் வந்ததும் ஆவியாகி வெளிய வரப் பார்க்கும், வழி இல்ல, அந்தத் தோலத் தள்ளும், அதுதான் கொப்புளம். வரக்குள்ள சுவருக்குள்ள கிடக்கிற உப்பையும் கரைச்சிக்கொண்டு வரும், தண்ணி போயிரும் உப்பு நிக்கும், அந்த உப்பு கட்டிபட்டு பெயின்ட்டக் கிளப்பும். கடலும் வாவியும் பக்கத்துல இருக்கிற நம்மட ஊர்ல உப்புக்கா குறைச்சல்? வெதர் ப்ரூப் எண்டது வெளிய இருந்து வாற மழைக்குத்தான். ஏற்கனவே உள்ளுக்கு இருக்கிற தண்ணிய அது பூட்டித்தான் வைக்கும். இத இப்பயும் ஒரு கடைக்காரரும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு வாளி வித்தாச் சரி.

பேன் போட்டா மேல்தோல் மட்டும் காயும், கைக்குக் காஞ்ச மாதிரித் தெரியும், அதுதான் ஏமாத்து. உள்ள அரை அங்குலத்துக்கு அங்கால அப்பிடியே ஈரம். புதுப் பூச்சு எண்டா வெயில் காலத்துலயே குறைஞ்சது 28 நாள் விடணும், சீமெந்துல இருக்கிற காரமும் இறங்கணும், இல்லாட்டி கலர் திட்டுத் திட்டா வெளிறும். மழைக்குள்ள 28 நாளும் காணாது.

பார்க்கிறதுக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. ஒண்டரை அடிக்கு ஒண்டரை அடி தெளிஞ்ச பொலித்தீன் ஒண்ட சுவர்ல வச்சி நாலு ஓரத்தையும் காத்துப் போகாம ரேப் ஒட்டுங்க. பின்னேரம் ஒட்டினா அடுத்த நாள் பகல் பாருங்க. பொலித்தீனுக்கு உட்பக்கம் வேர்த்திருந்தா, இல்லாட்டி சுவர் அந்த இடத்துல கறுத்திருந்தா, வாளிய மூடுங்க. இத ஒரு சுவர்ல மட்டும் பார்க்கப்படாது, வாடைக்காத்து அடிக்கிற பக்கம் ஒண்டு, நிலத்துக்குக் கிட்ட ஒண்டு, குளியலறைக்குப் பின்சுவர் ஒண்டு.

பெயின்ட்ட ஆகஸ்ட், செப்டம்பர்ல அடிச்சி முடிங்க. அதுக்காக கச்சான் காத்தடிக்கிற கொதி வெயில்ல, நேர வெயில் படுற சுவர்ல அடிக்கவும் வேணாம், றோலர் தேய்க்க முதலே காஞ்சி கோடு கோடா விழும், மண்ணும் வந்து ஒட்டும், நிழல் வாற பக்கத்தப் பார்த்து வெள்ளன அடிங்க. டிசம்பர்ல ஒரு வீட்டுக்காரர் வந்து கேட்டா "ஏலாது" எண்டு சொல்லப் பழகுங்க, அந்த ஒரு சொல்லச் சொல்லாததுக்கு நான் குடுத்த விலை 40 லீட்டர் பெயின்ட். நாவற்குடாத் தம்பிமாருக்கும் இத நிண்டு சொன்னன். தலைய ஆட்டிட்டு ரெண்டாவது கோட்டுக்கு வாளியத் திறந்தானுகள்.

எங்கட அப்பா காலத்துல பொங்கலுக்கு முதல் மார்கழி மழைக்குள்ளதானே சுண்ணாம்பு அடிச்சாங்க எண்டு கேப்பீங்க. அடிச்சாங்க, ஒண்டும் ஆகல்ல, ஏனெண்டா சுண்ணாம்பு ஈரத்த வெளிய விடும், அது தோல் மாதிரி மூடாது. கையில ஒட்டும், உடுப்புல ஒட்டும், ஆனா கொப்புளம் வராது. பெயின்ட் அடிக்காத பழைய சுவர், மதில் எண்டா நான் இப்பயும் சுண்ணாம்புதான் சொல்லுவன். பெயின்ட்டுக்கு மேல அடிச்சா அது நிக்காது.

பிந்திப் போச்சி, வீடு அழுக்கா இருக்கு, ஆக்கள் வாறாங்க எண்டா பாசி பிடிச்ச இடத்த புளீச் கலந்த தண்ணி தடவி கொஞ்ச நேரம் விட்டு புரசால தேச்சிக் கழுவுங்க, கதவு நிலையையும் ஜன்னலையும் துடைச்சி எடுங்க, அசிங்கமான சுவருக்கு முன்னால சீலைய மடிப்பு வச்சி மேல ஒரு கம்பியில தொங்க விடுங்க, சுவரோட ஒட்டாம நாலு விரல் இடைவெளி விட்டு. படத்துல பார்த்தா பெயின்ட் அடிச்ச வீட்ட விட நல்லா இருக்கும்.

வீட்டுக்குள்ள போடுற லைட்ட மதில்ல போடுறது

பெட்டியில ஐபி 44 எண்டு இருந்தா தண்ணி தெறிச்சாத் தாங்கும், ஐபி 65 எண்டா மழை அடிச்சாலும் தாங்கும், ஒண்டுமே போடாட்டி அது உள்ளுக்குத்தான். லைட் மாலை தாங்கினாலும் பிளக் தாங்காது எண்டத மறந்திர்றாங்க. எக்ஸ்டென்சன் பெட்டிய சொப்பிங் பேக்கால சுத்தி மண்ணுல போட்டு வச்சிருப்பாங்க, அந்தப் பேக்குக்குள்ள தண்ணி தேங்கி அதுவே ஒரு கிணறு. பெட்டிய விறாந்தைக்கு உள்ளுக்கு, இடுப்புயரத்துல வைங்க. வெளிய இருந்து வாற வயர் நேரா பிளக்குக்குள்ள வரப்படாது, முதல்ல கீழ தொங்கி மறுகா மேல ஏறணும், அப்பதான் வயரால ஓடிவாற மழைத்தண்ணி அந்தத் தொங்கல்ல சொட்டிப் போகும். தகரக் கூரை, இரும்புப் படலையில மாலையக் கட்டவே வேணாம், 230 வோல்ட்டு.

ட்ரிப் சுவிட்ச் விழுந்துக்கிட்டே இருக்கு எண்டு சொல்லி அத விட்டுட்டு நேர லைன் எடுக்கிற ஒருத்தனக் கண்டன். அவன ஏணியால இறக்கி வீட்ட அனுப்பினன். ட்ரிப் விழுறது எங்கயோ தண்ணி பூந்திட்டு எண்டு சொல்றதுக்குத்தான். கடைசி மாலையில இருந்து ஒவ்வொண்டாக் கழட்டிப் பாருங்க. தொடங்க முதல் அந்த டெஸ்ட் பட்டனையும் ஒருக்கா அமத்திப் பாருங்க, விழல்லயா, அண்டைக்கு வெளிய லைட் இல்ல.

குடிலுக்கு முன்னால குளம்

கண்ணாடி வச்சிச் செஞ்சா காணும். நிசத் தண்ணிதான் வேணும் எண்டு பேசின்ல நிரப்பி, தாரா விட்டு, நத்தார்ல இருந்து மூணு ராசாக்கள் திருநாள் வரைக்கும் அப்பிடியே விட்டுருவாங்க. நுளம்பு முட்டை போட்டு பறக்க ஒரு கிழம, பத்து நாள் காணும், நம்மட பக்கம் டெங்கு கூடுறதும் இந்த மழையோடதான். தண்ணிய ஊத்தினா மட்டும் போதாது, முட்டை ஓரத்துலதான் ஒட்டிக் கிடக்கும், காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது, தேச்சிக் கழுவணும். பலூன் கட்டின சிரட்டை, பூச்சாடித் தட்டு, வெளிய போட்ட பிளாஸ்டிக் கப் எல்லாத்துக்கும் இதே கதைதான். வைக்கல் போடுறவங்க போடுறதுக்கு முதல் ஒரு நாளாவது வெயில் காட்டுங்க. டிசம்பர்ல கிடைக்கிறது சின்னப்போகத்து வைக்கல், மாசக் கணக்கா கிடந்து உள்ளுக்குப் பூத்திருக்கும், ஹோல்ல வச்சி ரெண்டாம் நாள் வீடு முழுக்க மாட்டுக்கொட்டில் மணம். பாலன் பிறந்தது அங்கதான் எண்டு என்ட மனிசி சொல்லுவா, வாற விருந்தாளி அப்பிடிச் சொல்ல மாட்டாங்க.

டபுள் ரேப்

சுவர்ல இதால சோடினை ஒட்டினா புழுக்கத்துல ராவைக்கு விழும், விழாட்டி கழட்டக்குள்ள பெயின்ட்டோட வரும். ஜன்னல் கம்பிக்குக் கம்பி நூல் இழுத்துக் கட்டுங்க.

மரத்துல பஞ்சுப் பனி

வேணாம்.

மரம்

பிளாஸ்டிக் மரம் இல்லாட்டி நம்மட கடற்கரைச் சவுக்குக் கொப்புத்தான். கொப்ப முதல் நாளே வெட்டி வச்சிட்டு சோடிக்காதீங்க, வெட்டின அண்டைக்கே ஈர மண்ணுல நட்டு தினம் தண்ணி ஊத்துங்க, அப்பயும் ஒரு கிழமைக்கு மேல பச்சை நிக்காது. அதால 22, 23ஆம் திகதிக்கு முதல் வெட்டவே வேணாம். வெட்ட முதல் காணிக்காரரக் கேளுங்க.

தோரணம்

மாவிலைய பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் ஒடிச்சி, ராவு முழுக்க காம்பு தண்ணியில நிக்க வச்சி, விடிய நாலு மணிக்குக் கட்டினா லேசில சுருளாது. குருத்தோலை மடிக்கத் தெரியாட்டி வீட்டுப் பெரியாக்களக் கேட்டு மடிங்க, நல்ல நாள் மடிப்பு வேற செத்தவீட்டு மடிப்பு வேற. ஒரு புதுமனை புகுதலுக்கு என்னோட வந்த பொடியன் மாத்தி மடிச்சிட்டான், வீட்டுக்கார அம்மம்மா படலையடியில நிண்டு பார்த்த பார்வை இருக்கே, கூலி வாங்காம வந்தம்.

பலூன்

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஊதுங்க, வெயில் படாத பக்கம் கட்டுங்க.