இளைய வாடிக்கையாளரைக் கடைக்கு வரவைப்பது எப்படி?

இளையவர்களைக் கவர வேண்டும் என்றதும் நம் ஊர்க் கடைக்காரர் பலர் பெயர்ப்பலகையை மாற்றி, வண்ண விளக்குப் போட்டு, டிக்டொக்கில் ஓர் ஆட்டக் காணொளியை ஏற்றிவிடுகிறார்கள். அந்தச் செலவுக்கு முன், ஒரு வாரம் கல்லாவை விட்டு எழுந்து, வருகிறவர்கள் கடைக்குள் என்ன செய்கிறார்கள் என்று பேசாமல் கவனியுங்கள்.

மட்டக்களப்பு நகரில் என் மச்சானின் புடவைக் கடையில் நான் அப்படிக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரு மாணவியர் வந்தார்கள். ஒருத்தி மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றை விரித்து, கரையைத் தடவிப் பார்த்து, விலைச்சீட்டைத் தேடினாள். சீட்டு இல்லை. யாரிடமும் ஒன்றும் கேட்காமல், படம் மட்டும் எடுத்துக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள். “சும்மா பார்க்கத்தான் வந்திருக்குதுகள்” என்றார் மச்சான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புவதற்குக் கூச்சப்படுகிற வயது அது. பேரம் பேசியே வளர்ந்த நமக்கு அந்தக் கூச்சம் விளங்குவதில்லை. மறுவாரம் எல்லாச் சேலையிலும் சீட்டு ஏறியது. அந்த இருவரும் திரும்பி வரவில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் கேளாமல் சேலையை நேரே கல்லாவுக்குக் கொண்டுவரும் பிள்ளைகளை அதன்பின் நான் பார்த்தேன்.

ஆகவே விலையை எழுதி வையுங்கள். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி அது வணிகரின் கடமையும்கூட. பேஸ்புக்கில் பொருளின் படத்தைப் போட்டு “விலைக்கு இன்பொக்ஸ் வரவும்” என்று எழுதுவதும், சீட்டில்லாத அதே சேலையை இன்னொரு முறை விரித்துக் காட்டுவதுதான்.

இவர்கள் கடந்து வந்த காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். இன்று இருபது வயதில் இருப்பவர் 2004 சுனாமியின்போது பிறந்திருக்கவே இல்லை. 2009இல் போர் முடிந்தபோது சின்னக் குழந்தை. கொரோனாவும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் அவரைப் பாடசாலை வயதிலேயே பிடித்துக்கொண்டன. வீட்டில் பெற்றோர் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழித்ததைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், அவர் ஆடம்பரப் பிரியர் என்ற கணிப்பு பெரும்பாலும் பிழையாகிப்போகும். ஒலுவில் பல்கலைக்கழகத்தைச் சுற்றிய போர்டிங்குகளில் தங்கிப் படிக்கும் வெளிமாவட்டப் பிள்ளைகளுக்குச் சவர்க்காரத் தூளிலும் அரிசியிலும் சிறிய பொதிகளே தேவைப்படும். விடுமுறை தொடங்கியதும் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக் கொள்முதல் செய்யுங்கள்.

கைப்பேசியால் ஸ்கேன் செய்து பணம் செலுத்துவதற்கான லங்கா கியூஆர் அட்டையை மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டும் கடைகள் இருக்கின்றன. அதைக் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.

காணொளி எடுப்பதானால் குறுகியதாக எடுங்கள். ரீலோட் போட்டுப் பார்க்கிறவரின் டேட்டாவைத் தின்னாதீர்கள். மருதமுனைச் சேலை விற்கிறவர் சினிமாப் பாட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை: தறியில் நாடா இடமும் வலமும் ஓடும் இருபது விநாடியும், அந்தத் தறியின் ஓசையும், முடிவில் விலையும் போதும். இந்த வேலையை மகளிடமோ கடைப் பையனிடமோ ஒப்படைத்துவிட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் தலைமாட்டில் நின்று திருத்தம் சொல்லாதீர்கள் (நானும் சொன்னவன்தான்). தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி வட்ஸ்அப்பில் கேட்கிறவருக்கு எழுத்துத் திருத்தம் செய்யாமல், அன்றைக்கே பதில் அனுப்புங்கள். குறை சொல்லி யாராவது கருத்து எழுதினால் அதை அழிக்க வேண்டாம், அதன் கீழேயே பதில் எழுதுங்கள். அழித்த கருத்து படமாக எங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

கடைசியாக, கல்லாவுக்கு மேலே தொங்கும் “விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது” என்ற பலகையைக் கழற்றிவிட்டு, எத்தனை நாளுக்குள், எந்த நிலையில் இருந்தால் மாற்றித் தருவீர்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே அச்சடித்துக் கொடுங்கள். மச்சான் ஏழு நாள் என்று போட்டிருக்கிறார். பலகையை மட்டும் இன்னும் கழற்றவில்லை.