பெட்ரோல் போட்டதும் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

போன வருடம் திண்டிவனம் தாண்டி ஒரு பங்கில் டேங்கை ஃபுல் பண்ணச் சொன்னேன். நாசில் ‘டக்’கென்று கட் ஆனபோது மீட்டரில் 2,340 ரூபாய். “ரவுண்டா 2,400 போட்டுடவா சார்?” என்றார் பையன். நானும் தலையாட்டினேன். சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் இறங்கி வந்து, “தண்ணி கலந்திருப்பான் சார்” என்று தீர்ப்பே எழுதிவிட்டார். தண்ணீர் இல்லை என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

இது பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு. கருவி எதுவும் வேண்டாம்.

1. வண்டியைத் தள்ளுங்கள்

நியூட்ரலில் போட்டு, பங்க் ஆட்களையே கைகொடுக்கச் சொல்லி, பம்ப்பை விட்டுத் தள்ளி ஓரமாக நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி நிற்கிற இடத்தில் பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரை ஆட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

2. பில்லைப் பாருங்கள்

சாவியை மறுபடி தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். எம்.எஸ் என்று இருந்தால் பெட்ரோல், எச்.எஸ்.டி என்று இருந்தால் டீசல். டீசல் ஏறியிருந்தால் சாவியை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள். ஆன் செய்ததுமே டேங்கில் இருக்கும் பம்ப் ஓடி, டீசலை இன்ஜின் வரை தள்ளிவிடும். நேராக டோயிங் வண்டிக்குச் சொல்லி, டேங்கைக் காலி செய்வதுதான் வழி.

3. காதைக் கொடுங்கள்

சாவியைத் திருப்பும்போது சத்தமே இல்லை, அல்லது ‘டிக் டிக் டிக்’ என்று மட்டும் வருகிறது என்றால் பெட்ரோலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் லூசாக இருக்கும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் ‘பி’யில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் வண்டி சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால்தான் அடுத்த படி. அதற்கு முன் சாவியை ஆனில் மட்டும் வைத்து, பின் சீட் பக்கம் கேளுங்கள். ஓரிரு விநாடி ‘ங்ங்’ என்று மெல்லிய இரைச்சல் வந்தால் பம்ப் வேலை செய்கிறது.

4. ஆக்ஸிலேட்டரைத் தரை வரை மிதியுங்கள்

என் காரைக் கிளப்பியது இதுதான். டேங்கில் பெட்ரோல் நிரம்ப நிரம்ப, உள்ளே இருந்த ஆவி வெளியே தள்ளப்படும். அதை ஒரு கரி டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வ் என்ற சின்ன வால்வ் திறந்து, அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்கு அனுப்பும். வால்வ் திறந்தபடியே மாட்டிக்கொண்டால், பெட்ரோல் போட்டதும் கிளம்பும் ஆவி முழுக்க இன்ஜினுக்குள் போய்விடும். பெட்ரோல் கூடி, காற்று குறைந்து, நெருப்பு பிடிக்காது.

மருந்து எளிது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்டர் உள்ள பெரும்பாலான கார்களில் இப்படி மிதித்தால் பெட்ரோல் நின்று, காற்று மட்டும் உள்ளே போகும். பிடிக்கவில்லையா? அரை நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி போய், ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும். எனக்கு மூன்றாவது தடவை இருமிக்கொண்டே பிடித்தது, பெட்ரோல் வாடையும் வந்தது. பிடித்த கையோடு காலை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இன்ஜின் அலறும்.

5. தண்ணீர் சந்தேகம்

ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் போனதும் திணறித் திணறி நின்றால் ஆட்டோக்காரர் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம், அதுவும் மழைக்காலத்தில். நம் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பில்லோடு பங்குக்குப் போய்ப் பேசுங்கள். ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்டால் செய்து காட்ட வேண்டும்.

6. வீட்டுக்கு வந்ததும்

ஆக்ஸிலேட்டர் வித்தை வேலை செய்தது என்றால் வால்வைச் சோதியுங்கள். இன்ஜின் பக்கத்தில் இருக்கும், இரண்டு மெல்லிய ஹோஸும் ஒரு ஒயர் பிளக்கும் உள்ள கட்டைவிரல் சைஸ் சாமான். ஒயர் பிளக்கைக் கழற்றுங்கள். டேங்க் பக்கமிருந்து வரும் ஹோஸையும் கழற்றி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, வால்வின் வாயில் விரலை வையுங்கள். கரண்ட் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். விரலை உறிஞ்சி இழுத்தால் வால்வ் போய்விட்டது. என் விரலை இழுத்தது. (செக் இன்ஜின் லைட் எரிந்தால் மெக்கானிக்கின் ஸ்கேனரில் பி0496 என்ற கோளாறு எண்ணைக் காட்டக்கூடும். எனக்கு எரியவே இல்லை.)

வால்வ் மாற்றும்வரை டேங்கை ஃபுல் பண்ணாதீர்கள். மாற்றிய பிறகும் ‘ரவுண்டு’ வேண்டாம். நாசில் தானாகக் கட் ஆன பிறகும் திணிக்கிற பெட்ரோல் கரி டப்பாவுக்குள் போனால் அதுவும் வீணாகிவிடும், செலவும் வால்வைவிடக் கூடுதல்.

மெக்கானிக்கிடம் “ஸ்டார்ட் ஆகல” என்று மொட்டையாகச் சொல்லாமல், “பெட்ரோல் போட்ட உடனே மட்டும்தான் ஆகல” என்று சொல்லுங்கள். பட்டறை வாசலில் அந்தக் கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகி, உங்கள் மானத்தை வாங்கும்.