பிள்ளைகளை ரகம் பிரிக்கிற ட்யூஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் புதிதாக ட்யூஷன் எடுக்க வருபவர்கள், அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் பெயரை எங்காவது கேட்டதும் பிள்ளைகளை ரகம் பிரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். 1983-ல் அவர் சொன்னது ஏழு நுண்ணறிவுகள்: மொழி, தர்க்கமும் கணிதமும், இசை, உடலியக்கம், இடவெளி, பிறரைப் புரிதல், தன்னைப் புரிதல். இயற்கையை இனங்காணும் திறன் பின்னால் எட்டாவதாகச் சேர்ந்தது. இவை எல்லோரிடமும் உண்டு, அளவுதான் மாறும் என்றார் அவர். ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைக்கவில்லை. இவற்றைத் தனித்தனி நுண்ணறிவுகளாக ஏற்காத உளவியலாளர்களும் நிறையப் பேர். ஒன்றில் நன்றாகச் செய்கிறவர் மற்றதிலும் ஓரளவு நன்றாகவே செய்வதை ஆங்கில உளவியலாளர் ஸ்பியர்மன் 1904-லேயே காட்டியிருந்தார்.

ரகத்துக்கு ஏற்ற பாடம்

"இவன் கேட்டுப் படிக்கிறவன், இவள் பார்த்துப் படிக்கிறவள்" என்று முத்திரை குத்தி, அந்த ஒரே வழியில் பாடம் நடத்துவது. இன்னும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். இப்படி நடத்தினால் பாடம் நன்றாக மனத்தில் நிற்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் குழு 2008-ல் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டது. நுண்ணறிவு வேறு, கற்றல் பாணி வேறு என்று கார்ட்னரே எழுதியிருக்கிறார்.

"இசைப் பிள்ளை" என்று பெயர் வாங்கியவனுக்கு வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லித் தருவார்கள். அழகாகப் பாடுவான். திடீரென்று ஏழெட்டு எவ்வளவு என்று கேளுங்கள். உதடு மட்டும் அசைய, ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பிப்பான். பாட்டு வரிசையைத்தான் பிடித்து வைத்தது, எண்ணை அல்ல. அட்டையில் எழுதிக் கலைத்துப்போட்டு, தினம் பத்துக் கேள்வி கேட்டால் தேறிவிடுவான்.

எந்த வழி என்பதைப் பாடம்தான் சொல்லும். தரைக்குப் போடும் ஆத்தங்குடி ஓடு செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் சட்டம், உள்ளே பூ அச்சு, கட்டம் கட்டமாகச் சாயக் கலவை ஊற்றி அச்சைத் தூக்க வேண்டும். கை ஆடினால் நிறம் கலந்துவிடும். கேட்டுப் படிக்கிறவர் ஆயிற்றே என்று இதை வாயால் சொல்லித் தந்துவிட முடியுமா?

வட்டிக் கணக்குக்கு வழி வேறு. 15,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், 5 மாதம். சூத்திரத்துக்கு முன்னால், எத்தனை நூறு என்று கேளுங்கள்: 150. மாதத்துக்கு 300, ஐந்து மாதத்துக்கு 1,500. பிள்ளை 1,50,000 என்று எழுதினால் நூறால் வகுக்கவில்லை. வட்டி முதலைப்போல் பத்து மடங்கு ஆகுமா என்று அவனையே யோசிக்க விடுங்கள். 125 என்று எழுதினால் மாத வட்டியை வருட வட்டியாக எடுத்துக்கொண்டான். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பிள்ளை எந்த ரகம் என்று தெரிந்து வைத்திருப்பவருக்கு இது கண்ணில் படாது. மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, எண்ணை மாற்றிக் கொடுத்து நோட்டைப் பார்க்காமல் போடச் சொல்லுங்கள்.

விரல்ரேகை டெஸ்ட்

விரல்ரேகையைப் பார்த்துப் பிள்ளையின் திறமையைச் சொல்வதாகப் பணம் கேட்பார்கள். ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. பிள்ளை எதில் கெட்டி என்று அது சொல்லாது. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

"கணக்கு ரத்தத்துலயே ஊறினது"

நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் செட்டிநாட்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. அந்தக் காலத்தில் பர்மா, மலாயா வட்டிக் கடைகளுக்குப் போன பையன்கள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலை பார்த்து, பேரேடு எழுதப் பழகி, கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாளானார்கள். கணக்கு, கையெழுத்து, கடன் கேட்டு வருபவரிடம் பேசும் பதம் எல்லாம் ஒரே பையனுக்கு வர வேண்டும். அத்தனையும் வருடக்கணக்கில் பழகியது.

ஐ.க்யூ. எண்

எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டறியவே பிரெஞ்சு உளவியலாளர் பினே 1905-ல் பாரிஸில் நுண்ணறிவை அளக்கும் அந்த வகைச் சோதனையைத் தொடங்கினார். எண் குறைந்த பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பதற்கு அல்ல.