மாவடு ஜாடியில் கைவைக்கும் முன்: ஊறுகாய் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பிறந்தால் என் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிப் படங்களாக வந்து விழும். ஜாடிக்குள் எட்டிப் பார்த்து எடுத்த படம், மேலே வெள்ளையாக ஒரு ஆடை, கீழே "அக்கா, இதைச் சாப்பிடலாமா?" என்று ஒரு கேள்வி. அனுப்புகிற ஆள் புதியவராக இருப்பார், நடந்திருப்பது மட்டும் போன வருடம் இன்னொருவர் செய்த அதே தப்பாக இருக்கும்.

கையில் கிடைக்கிற எதையும் உப்பில் போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு. களாக்காய், மாங்காய் இஞ்சி, கிடாரங்காய், கொத்துக்கொத்தாக வரும் பச்சை மிளகு என்று பால்கனியில் பூந்தொட்டி இருக்க வேண்டிய இடமெல்லாம் ஜாடிதான். இந்தக் கிறுக்குப் புதிதாக நாலு பேருக்குப் பிடித்தால் எனக்குச் சந்தோஷம். அதனாலேயே அவர்கள் முதல் ஜாடியிலேயே மனம் விட்டுப்போவதைப் பார்க்க முடியவில்லை.

ஈரக் கரண்டி போடாதே, ஜாடியை வெயிலில் காயவை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆரோக்கியம் என்று உப்பைக் குறைப்பது

எனக்கு இன்னும் கோபம் வருகிற விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டில் ஒரு தம்பி இருக்கிறார். விடுமுறை நாள் என்றால் எதையாவது அரைத்துக்கொண்டோ ஊறவைத்துக்கொண்டோ இருப்பார். போன சீசனில் விடியற்காலையில் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போய், காம்பு உதிராத உருண்டை வடுவாகப் பொறுக்கி இரண்டு கிலோ வாங்கிவந்தார். கழுவி, நிழலில் துணி விரித்து உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவியது வரை ஒரு குறை சொல்ல முடியாது. பக்குவத்தையும் என்னிடம்தான் எழுதி வாங்கிப் போனார்: கிலோவுக்கு 130 கிராம் கல் உப்பு. பத்து நாள் போல ஆனதும் கூப்பிட்டார். ஜாடியைத் திறந்ததும் ஊசிப்போன வாடை மூக்கில் ஏறியது. மேலே மிதந்த வடுவெல்லாம் பழுப்பேறி, அழுத்தினால் விரல் உள்ளே போகிற அளவுக்குக் கொழகொழத்துக் கிடந்தது.

"உப்பு எவ்வளவு போட்டீங்க தம்பி?"

"அப்பாவுக்கு பிரஷர் இருக்குக்கா, அதான் பாதியாக் குறைச்சேன். தண்ணி சரியா விடல, காய்ச்சி ஆறவெச்ச தண்ணி ரெண்டு டம்ளர் ஊத்தினேன்."

அப்பா மேல் இருக்கிற அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு கிலோ வடுவும் குப்பைக்குப் போயிற்று. வடு வருவது வருடத்தில் சில வாரங்கள்தான், அதை விட்டால் அடுத்த மாசிக் கடைசி வரை காத்திருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 2 கிலோ வடுவுக்கு 260 கிராம் உப்பு போட்டால் மொத்த எடையில் உப்பு சுமார் 11.5 சதவீதம். அவர் போட்டது 130 கிராம், அதன் மேல் ஊற்றிய தண்ணீர் கிட்டத்தட்ட 400 மில்லி. உப்பு 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து உப்புப் போட வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதே இல்லை.

வடுவில் உப்பு ருசிக்காக மட்டும் போடுவது என்று நினைப்பதால் வருகிற வினை இது. காய்க்குள் இருக்கிற நீரை வெளியே இழுப்பது உப்பு. இரண்டு மூன்று நாள் குலுக்கிக் குலுக்கி வைத்தால் வடு சுருங்கி, தன் நீரிலேயே மூழ்கும். அந்த உப்பு நீரில் அழுகவைக்கிற நுண்ணுயிர்கள் தலையெடுக்க முடியாது, உப்பைத் தாங்குகிற, புளிப்பு உண்டாக்குகிற லாக்டிக் பாக்டீரியாக்களால் தாக்குப்பிடிக்க முடியும். காயின் சொந்தப் புளிப்பும் அதற்குத் துணை. உப்பு பாதியானால் நீரும் குறைவாகத்தான் விடும், மேலே இருக்கிற வடு காற்றில் காயும், அங்கேதான் கெடுதல் ஆரம்பிக்கும். கொழகொழத்த பிறகு இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டு எந்தப் பயனும் இல்லை. அழுகின காயை உப்பால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கிம்ச்சிக்கு 2, 3 சதவீத உப்பு போதுமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அது குளிர்ச்சியான இடத்தில் புளித்து, பிறகு ஃபிரிட்ஜில் இருந்து சாப்பிடுகிற பண்டம். சித்திரை வெயிலைத் தாண்டி, அலமாரியில் வருடம் முழுக்க நிற்க வேண்டிய மாவடுவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

சரி, பிரஷர் உள்ளவர் என்ன செய்வது? ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 10 கிராம் எடையுள்ள ஒரு வடுவில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு இருக்கும். அப்படியானால் ஒரு வடுவோடு எழுந்துவிட வேண்டும், மருத்துவர் வேண்டாம் என்றால் தொடவே கூடாது. உப்புக் குறைவாகத்தான் வேண்டும் என்றால் மாங்காயைப் பொடியாக நறுக்கி, லேசாக உப்பும் காரமும் போட்டுத் தாளித்து, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். அது அருமையாகவே இருக்கும். அதற்கு மாவடு என்று பேர் வைத்து மாதக்கணக்கில் வைத்திருக்கப் பார்க்காதீர்கள்.

இதே ஆரோக்கியக் கவலையில் இந்துப்பை வாங்கிக் கொட்டுகிறவர்களும் உண்டு. அதுவும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான், விலை மட்டும் பல மடங்கு. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், ஊறுகாயில் அது கசக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைச் சாப்பிடவே கூடாது.

அப்புறம், உப்பைக் கப்பால் அளக்காதீர்கள். ஒரு கப் தூள் உப்பும் ஒரு கப் கல் உப்பும் ஒரே எடை இருக்காது. கல் உப்பில் இடைவெளி அதிகம், எடை குறைவு. கல் உப்புக்குச் சொன்ன கப் அளவில் தூள் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது, மாற்றிச் செய்தால் கெட்டுப்போகும். ஒரு சின்னத் தராசு வாங்கிவிடுங்கள்.

வெள்ளை ஆடையையும் பூசணத்தையும் குழப்புவது

தட்டையாக, மெல்லிய ஏடு மாதிரி படர்ந்திருப்பது பெரும்பாலும் ஒரு வகை ஈஸ்ட். காய் கெட்டியாக இருந்து, வாடையும் சரியாக இருந்தால், ஏட்டை வழித்தெடுத்து, காய் முழுக்க நீருக்குள் அமுங்கும்படி செய்தால் போதும். ஆனால் அப்படியே விட்டுவைக்காதீர்கள். அந்த ஏடு ஜாடியில் இருக்கிற புளிப்பைத் தின்றுகொண்டே வரும், புளிப்பு இறங்கினால் மற்றவை உள்ளே வரும். பஞ்சு மாதிரி உப்பலாக, பச்சையாகவோ கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அது பூசணம். மேலே எடுத்துவிட்டுக் கீழே சாப்பிடலாம் என்கிற பேச்சு வேண்டாம், முழு ஜாடியும் போக வேண்டியதுதான்.

பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பது

இதில் வீணாவது காய் மட்டும் என்றால் பரவாயில்லை. உயிரே போகலாம் என்பதால் சொல்கிறேன்.

இப்போது அழகழகான கண்ணாடிப் பாட்டிலில் உரித்த பூண்டும் நாலு மிளகாயும் போட்டு, எண்ணெயால் நிரப்பி, சமையல் மேடையில் அலங்காரமாக வைக்கிறார்கள். பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் இருக்கிற கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம், சாதாரணமாகக் கொதிக்கவைப்பதற்கு அந்த வித்துகள் அசையாது. காற்று இல்லாத, புளிப்பு இல்லாத இடம் கிடைத்தால் அது வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். எண்ணெய்க்குள் முழுகின பூண்டு அப்படிப்பட்ட இடம்தான். வாடை வராமல், நிறம் மாறாமல் கூட இருக்கலாம். நரம்பைத் தாக்கி, பார்வை இரண்டாகத் தெரிந்து, விழுங்க முடியாமல் போய், மூச்சு வரைக்கும் நிற்கலாம்.

நம் பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ புளியோ தாராளமாகப் போடுகிறோமே, அந்தப் புளிப்புதான் காவல். புளிப்பை அளக்கிற பி.எச். எண் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த பாக்டீரியா வளராது. எலுமிச்சைச் சாறு அதைவிட எவ்வளவோ கீழே, 2-ஐ ஒட்டி இருக்கும். ஆகவே பூண்டு ஊறுகாயில் புளிப்பைக் குறைத்து "என் கைப்பக்குவம்" காட்ட வேண்டாம். வெறும் பூண்டு எண்ணெய்தான் வேண்டும் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

வெந்தயத்தைக் கருக்குவது

கருகினால் கொட்டிவிட்டுப் புதிதாக வறுங்கள். கசப்பை எதுவும் மறைக்காது.

மாவடுவுக்குக் கடுகை வறுப்பது

எல்லாவற்றையும் வறுத்துப் பொடிக்கிற பழக்கத்தில் இதையும் வறுத்துவிடுகிறார்கள். மூக்கில் ஏறுகிற அந்தக் காரம், பச்சைக் கடுகை உடைத்து ஈரம் படும்போது அதிலிருக்கிற ஒரு நொதியால்தான் உண்டாகிறது. வறுத்தால் நொதி செத்துவிடும், காரமும் போய்விடும். நுண்ணுயிர்களைத் தடுக்கிற வேலையில் அந்தக் காரத்துக்கும் பங்கு உண்டு என்பதால் இது ருசியோடு நிற்கிற விஷயமும் இல்லை. கடுகை வெயிலில் மட்டும் காயவைத்து, வடு விட்ட நீரையே கொஞ்சம் எடுத்து, மிளகாயும் மஞ்சளும் சேர்த்து அரைத்து ஊற்றுங்கள். வாசனை பக்கத்து வீடு வரை போகும்.

எலுமிச்சையை அவசரப்படுத்துவது

காலையில் நறுக்கி மதியம் தாளித்தால் கசக்கத்தான் செய்யும். தோல் மெல்லிய, பழுத்த பழமாகப் பார்த்து வாங்கி, விதையை எடுத்துவிட்டு, உப்பில் தோல் மெத்தென்று ஆகும் வரை விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். தினமும் ஒரு குலுக்கு, அவ்வளவுதான்.

அலுமினியப் பாத்திரம்

வேண்டாம். புளிப்பு அதை அரிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் மாற்றிப் பார்ப்பது

சோதனை செய்யாதே என்று நான் யாரையும் சொல்ல மாட்டேன். உப்பு, புளிப்பு, தண்ணீர் மூன்றையும் அளவில் நிறுத்திக்கொண்டு மசாலாவில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடுங்கள். மாங்காய் இஞ்சியும் பச்சை மிளகும் எலுமிச்சைச் சாற்றில் சேர்ந்து ஊறினால் என்ன ஆகும் என்று பார்த்ததில் கிடைத்ததுதான் என் வீட்டில் சீக்கிரம் தீர்கிற ஜாடி. ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றை மாற்றுங்கள். எண்ணெய், மிளகாய் ரகம், பெருங்காயம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, நன்றாக வந்தால் எதனால் வந்தது, கெட்டால் எதனால் கெட்டது என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது.

முதலில் கால் கிலோ, அரைக் கிலோ போதும். காய் எடை, உப்பு எடை, போட்ட தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஜாடியில் ஒட்டுங்கள். அடுத்த முறை எனக்குப் படம் அனுப்பும்போது அந்தச் சீட்டும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள்.