சைக்கிள் டிஸ்க் பிரேக் கத்துகிறதா? எண்ணெய் விடாதீர்கள், முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் கியர் சைக்கிளில் எங்கள் தெருச் சரிவில் இறங்கி வந்தான். பிரேக் பிடிக்கவில்லை. நேராகக் காம்பவுண்டுச் சுவரில் போய் மோதினான். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. சைக்கிளைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால் முன்சக்கர டிஸ்க் பளபளவென்று மின்னுகிறது. தொட்டால் வழுவழுப்பு. விரலை முகர்ந்தால் தேங்காய் எண்ணெய் வாசம்.

அவன் தாத்தாதான் விட்டிருக்கிறார். "ரெண்டு நாளா கிறீச் கிறீச்னு கத்திட்டே இருந்துச்சு தம்பி. கதவுக் கீலுக்கு விடுற மாதிரி நாலு சொட்டு விட்டேன். சத்தம் நின்னுடுச்சு" என்றார். குரல் நடுங்கியது. பேரன்மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எது கத்தினாலும் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். ஆனால் டிஸ்க் பிரேக் வேலை செய்வதே உரசலால்தான். உரசல் போனால் பிரேக்கும் போய்விடும்.

அன்று மாலை வரை உட்கார்ந்து அந்த வண்டியைச் சரிசெய்தோம். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். 160 மி.மீ டிஸ்க், கேபிளால் இழுக்கும் பிரேக். குறைந்த விலைக் கியர் சைக்கிள்கள் பலவற்றில் இருப்பது இந்த வகைதான். கேபிளுக்குப் பதில் குழாயில் அடைத்த ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் ஆயில் பிரேக்குக்கு எங்கே மாறும் என்பதை இடையிடையே சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்

5 மி.மீ ஆலன் கீ, டி25 நட்சத்திரக் கீ, ஸ்க்ரூ ஸ்பேனர், சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணி, 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாள், ஒரு பழைய விசிட்டிங் கார்டு. கூடவே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில். செல்போன் சர்வீஸ் செய்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அதுதான். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. காய்ந்த பிறகும் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும்.

முதல் வேலை: சத்தத்தை இனம் பிரிப்பது

ஸ்பேனரை எடுக்கும் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பிரேக் பிடிக்காமல் கையால் சுற்றிவிட்டுக் கேளுங்கள். பிறகு ஓட்டிப் பார்த்து, பிரேக் பிடிக்கும்போது கேளுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

பிரேக் பிடிக்காமலே "ஸ்ஸ்ஸ்" என்று விடாமல் உரசினால் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) ஒருபக்கமாக நிற்கிறது. சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் "சிங்… சிங்…" என்றால் டிஸ்க் எங்கோ கொஞ்சம் வளைந்திருக்கிறது. பிரேக் பிடித்தால் மட்டும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி "கீஈஈச்" என்றால் பேடில் (காலிப்பருக்குள் டிஸ்க்கை இருபுறமும் அழுத்தி உரசும் கட்டையில்) எண்ணெய் ஏறியிருக்கும், அல்லது சூட்டில் அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகியிருக்கும். "கரகர" என்று இரும்போடு இரும்பு தேயும் சத்தம் வந்தால் அங்கேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். பேட் முழுக்கத் தேய்ந்து பின்தகடு டிஸ்க்கை அறுக்கிறது என்று பொருள்.

மழையில் நனைந்ததும் வரும் கிறீச்சிடல் கோளாறு அல்ல. நாலு தடவை பிரேக் பிடித்தால் காய்ந்து தானாக அடங்கும்.

தாத்தா முதலில் கேட்டது "ஸ்ஸ்ஸ்" வகையா, "கீச்" வகையா என்று பையனிடம் விசாரித்தேன். "பிரேக் புடிக்காமலே கத்தும் அங்கிள், திருப்புறப்ப இன்னும் ஜாஸ்தி" என்றான். அப்படியானால் அது பேட் கோளாறே இல்லை. அதனால் சக்கரமும் போல்ட்டும் சரியாக இருக்கிறதா என்பதிலிருந்துதான் தொடங்கினோம்.

சக்கரமும் போல்ட்டும்

சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, முன்சக்கரக் குவிக் ரிலீஸை (சக்கரத்தைக் கழற்ற உதவும் கைப்பிடித் திருகை) தளர்த்தி, ஹேண்டில்பாரை ஒருமுறை கீழ்நோக்கி அழுத்திவிட்டு மறுபடி இறுக்குங்கள். சக்கரம் ஃபோர்க்கில் ஒரு நூல் சாய்வாக உட்கார்ந்தாலும் டிஸ்க் உரசும். பஞ்சர் ஒட்டிய மறுநாளிலிருந்து சத்தம் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான் விஷயம்.

அடுத்து, டிஸ்க்கைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் ஆறு டி25 போல்ட்டுகள், காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு 5 மி.மீ போல்ட்டுகள். ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பையன் வண்டியில் காலிப்பரின் கீழ் போல்ட் கையாலேயே சுழன்றது. இரண்டு நாள் கத்தலுக்கும் அதுதான் காரணம். அதை இறுக்கியிருந்தால் சுவரில் மோதியிருக்க வேண்டியதில்லை.

காலிப்பரை நடுவுக்குக் கொண்டுவருதல்

பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இது. கேபிள் பிரேக்குகள் பலவற்றில் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். ஸ்போக்ஸ் பக்கம் இருக்கும் உட்பேட் அசையாமல் நிற்கும். லிவரைப் பிடித்தால் வெளிப்பேட் வந்து டிஸ்க்கைத் தள்ளி, உட்பேடோடு சேர்த்து நசுக்கும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள், காலிப்பர் கைக்கு லேசாக ஆட வேண்டும். ஸ்போக்ஸ் வழியாக எட்டிப் பார்த்தால் உட்பேடை நகர்த்தும் திருகு தெரியும். சில வண்டிகளில் ஆலன் கீ போடும் குழி, சிலவற்றில் கையால் திருகும் வட்டு. பேட் டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை அதை உள்ளே திருகுங்கள். இப்போது லிவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். உதவிக்கு ஆள் இல்லையென்றால் ரப்பர் பேண்டால் ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டிவிடலாம். காலிப்பர் தானாக டிஸ்க்குக்கு நேராக வந்து நிற்கும். அந்த நிலையில் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் காலிப்பர் திரும்பிக்கொள்ளும். முறுக்குமானி (போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு: சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம் காலிப்பர் போல்ட்டுக்குச் சொல்லும் அளவு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

லிவரை விட்டுவிட்டு உட்பேடைக் கால் சுற்று பின்னுக்குத் திருகி, சக்கரத்தைச் சுற்றுங்கள். இன்னும் உரசினால் காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, முன்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். டிஸ்க்குக்கு இருபுறமும் வெள்ளைக்கோடு தெரிய வேண்டும். எந்தப் பக்கம் கோடு காணாமல் போகிறதோ, உரசல் அங்கேதான். அந்தப் பக்கம் விசிட்டிங் கார்டைச் செருகி மறுபடி லிவரைப் பிடித்து இறுக்கினால் தேவையான இடைவெளி கிடைத்துவிடும்.

ஆயில் பிரேக்கில் இரண்டு பேடும் சேர்ந்து நகரும், அதனால் உட்பேட் திருகும் வேலை கிடையாது. தளர்த்தி, லிவரைப் பிடித்து, இறுக்கினால் போதும். ஒன்று மட்டும் மறக்கவே கூடாது: சக்கரம் கழற்றியிருக்கும்போது லிவரை அழுத்தாதீர்கள். பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், பிறகு சக்கரமே உள்ளே போகாது.

வளைந்த டிஸ்க்

சுற்றுக்கு ஒரு "சிங்" வரும் இடத்தில் டயரில் சாக்பீஸால் குறி போடுங்கள். அந்த இடத்தை வெள்ளைக் காகித முறையிலேயே பார்த்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஸ்க்ரூ ஸ்பேனரின் வாயை ஆல்கஹாலால் துடைத்து, டிஸ்க்கைக் கவ்வி, எதிர்ப்பக்கம் மிக மெதுவாக வளையுங்கள். ஒரு தள்ளு, ஒரு சுற்று, ஒரு பார்வை. பத்து தடவை செய்தாலும் பரவாயில்லை, ஒரே தள்ளில் முடிக்கப் பார்த்தால் வளைவு மறுபக்கம் போய்விடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஓட்டி வந்த உடனே டிஸ்க்கைத் தொடாதீர்கள், கொப்புளம் போடும் அளவுக்குச் சூடு இருக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் அருகே விரலே போகக் கூடாது. அதில் இருக்கும் ஓட்டைகள் விரல் நுனியைத் துண்டாக்கிவிடும். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களைத் தள்ளி உட்கார வையுங்கள்.

எண்ணெய் ஏறிய பேடும் டிஸ்க்கும்

டிஸ்க்கை முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் வைத்துக் கழுவிக் காயவிட்டோம். பிறகு ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணி. முதல் துடைப்பில் துணி கறுத்தது, ஐந்தாவதில் சாம்பல், எட்டாவதில் வெள்ளையாகவே திரும்பியது. அதுவரை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துடைத்த எண்ணெயையே மறுபடி பூசுவீர்கள்.

பேடைக் கழற்றச் சக்கரத்தை எடுத்துவிட்டு, காலிப்பரின் குறுக்கே போகும் பின்னை உருவுங்கள். இரண்டு பேடும் நடுவில் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கும் சேர்ந்தே வெளியே வரும். எப்படி உட்கார்ந்திருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது கைகொடுக்கும்.

பேட் இறுகிப்போய்ப் பளபளப்பாக மட்டும் இருந்தால் காப்பாற்றிவிடலாம். சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் லிவரை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பேட் வெந்துவிடும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, நேர்ச்சாலையில் முழுசாக விட்டுவிட வேண்டும். அப்படி இறுகிய பேடுக்கு உப்புத்தாளைச் சமதளத் தரையில் விரித்து, பேடை அதன்மேல் எட்டுப் போடுவதுபோல் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கலாகச் சொரசொரப்பு வந்ததும் போதும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தூசை வாயால் ஊதாதீர்கள்.

எண்ணெய் ஊறிய பேட் வேறு கதை. அது பஞ்சுபோல் உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கேஸ் அடுப்பில் சுட்டு எண்ணெயை எடுக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. ஒரு முறை நானும் சுட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் நன்றாகப் பிடித்தது, மூன்றாம் நாள் சூடேறியதும் எண்ணெய் மறுபடி மேலே வந்தது. பிள்ளை ஓட்டும் வண்டியில் அந்தச் சோதனை வேண்டாம். சில நூறு ரூபாய்க்குப் புதுப் பேட் கிடைக்கிறது. பேடின் வடிவம் காலிப்பருக்குக் காலிப்பர் மாறும், பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். டிஸ்க்கில் "ரெசின் பேட் ஒன்லி" (ரெசின் என்னும் பிசின் கலவைப் பேட் மட்டுமே) என்று பொறித்திருந்தால் உலோகப் பேட் வாங்காதீர்கள், டிஸ்க்கைச் சீக்கிரம் தின்றுவிடும்.

எண்ணெய் படாத பேடுக்கும் ஆயுள் உண்டு. உரசும் பகுதி 0.5 மி.மீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோவின் கணக்கு. நான் 1 மி.மீட்டரிலேயே மாற்றிவிடுவேன். டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ தடிமன் இருக்கும், 1.5 ஆனால் அதையும் மாற்ற வேண்டும்.

பழக்கிவிடுதல்

புதுப் பேடோ தேய்த்த பேடோ, மாட்டியதும் நன்றாகப் பிடிக்காது. பேடின் பொருள் டிஸ்க்கின்மேல் மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும். ஆளில்லாத சமதளச் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், சீராகப் பிடித்து, நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். முழுசாக நிறுத்தாமல் விட்டுவிட்டு மறுபடி வேகம் எடுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் தனித்தனியாக இருபது தடவை. நானே ஓட்டினேன். ஐந்தாவது தடவை வரை வழுக்கியது, பன்னிரண்டாவதில் லிவரில் ஒரு பிடிமானம் தெரிந்தது, இருபதாவதில் இரண்டு விரலுக்கே வண்டி நின்றது. சத்தமே இல்லை.

வண்டியை ஒப்படைத்தபோது தாத்தா மெல்லக் கேட்டார்: "அப்ப எண்ணெயை எங்கதான் தம்பி விடுறது?"

செயினுக்கு, ஐயா. ஸ்பிரே வேண்டாம், தூறல் பறந்து பின் டிஸ்க்கில் உட்காரும். சொட்டுப் பாட்டிலால் கீழ்ச் செயினில் கண்ணிக்கு ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே. ஐந்து நிமிடம் கழித்து வெளியே கசிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். அந்தத் துணியைத் தனியாக வையுங்கள், தவறிக்கூட டிஸ்க் துடைக்கும் வெள்ளைத் துணியோடு சேர்ந்துவிடக் கூடாது.